ஓட்டுப் போட்டவர்கள் வருந்தினார்கள். விலை கொடுத்தது யார்?

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பு. மழை வரும்போல் இருந்ததால் வாசலில் காயவைத்த விறகை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினார் அந்த அம்மா. எழுபதைத் தொடும் வயது. பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்ட லயத்தில். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970-களில் பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அவருடைய அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது.

"2022-ல அக்கா போன் போட்டுச்சு தம்பி. மண்ணெண்ணெய் இல்ல, மாவு இல்ல, பேரப்புள்ளைக்குப் பால்மா இல்லன்னு ஒரே அழுக. 'யாருக்குத்தான் ஓட்டுப் போட்டுத் தொலச்சீங்க, இப்புடி ஆயிப்போச்சே'ன்னு நானும் கோவத்துல கேட்டுட்டேன். அதுக்கு அது சொல்லிச்சு, 'நாங்க போட்ட ஆளு வரலடி. வந்த ஆளுக்கு நாங்க போடல. பட்டினி மட்டும் எங்க வீட்டுக்கும் வந்திருச்சு'ன்னு."

இந்தப் பகுதியில் வழக்கமாக நம் மாவட்டத்துச் செய்திகளையே பேசுகிறோம். இந்த வாரம் கடல் தாண்டிப் போவதற்குக் காரணம் அந்த அக்காவின் பதில்தான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று நீலகிரியெங்கும் 'சிலோன்காரங்க' என்று அழைக்கப்படும் நம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் உடன்பிறந்தவர்கள் இன்னமும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறிக்கிறார்கள். அங்கே நடக்கும் அதிபர் தேர்தல் நமக்கு வெளிநாட்டுச் செய்தி மட்டுமல்ல.

69 லட்சம் என்ற ஏச்சு

2019 நவம்பர் 16 அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச 69,24,255 வாக்குகள் பெற்று வென்றார். செல்லுபடியான வாக்கில் 52.25 விழுக்காடு. அவ்வாண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நாடு பயத்தில் இருந்தது. 'பாதுகாப்புத் தருவேன், திறமையானவர்களைக் கொண்டு ஆள்வேன்' என்றார் அவர். தென்னிலங்கையின் சிங்கள வாக்காளர்களில் பெரும்பகுதியினர் நம்பினார்கள்.

வந்ததும் வரியைக் குறைத்தார். மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. கருவூலம் வற்றியது. கொரோனா வந்து சுற்றுலாவும் நின்றது. 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற அவருடைய தேர்தல் அறிக்கையில், பத்தாண்டுகளில் இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்று இருந்தது. ஆனால், 2021 மே மாதம் ஒரே அடியாக ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார். நெல்லும் தேயிலையும் அடிபட்டன. நவம்பரில் தடையை விலக்கியபோது ஒரு போகம் போய்விட்டது.

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியவில்லை என்று இலங்கை அறிவித்தது. எரிவாயு சிலிண்டர் விலை ஐயாயிரம் ரூபாயை நெருங்கியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளி வைத்தார்கள். செப்டம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

அப்போதுதான் '69 லட்சம்' என்ற எண் ஓர் ஏச்சுச் சொல்லாக மாறியது. பெட்ரோல் வரிசையில் நிற்பவனைப் பார்த்து, 'நீயும் அந்த அறுபத்தொன்பது லட்சத்தில் ஒருவனா?' என்று கேட்டார்கள். கொழும்பு காலிமுகத்திடலில் ஏப்ரல் 9 முதல் கூடாரமடித்து நின்ற இளைஞர்களில் பலர், அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மே 18 அன்று, 2009-ல் முள்ளிவாய்க்காலில் இறந்த தமிழர்களை அதே திடலில் நினைவுகூர்ந்தார்கள், கஞ்சி வழங்கினார்கள். தென்னிலங்கையின் நடுவில் அதற்கு முன் யாரும் எதிர்பார்த்திராத காட்சி அது. ஜூலை 9 அன்று மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ந் தேதி அவர் நாட்டைவிட்டு ஓடினார். மறுநாள் பதவி விலகினார்.

தவறான ஆளைத் தேர்ந்தோம் என்று ஒரு நாடே சொல்வது சிறிய விஷயமல்ல. அதை நாம் மதிக்கிறோம். ஆனால், அந்த வருத்தத்தின் கணக்கில் சேராத ஒரு கணக்கும் இருக்கிறது.

போடாத ஓட்டுக்குப் பட்டினி

மலையகத் தமிழர்கள் அடர்ந்து வாழும் நுவரெலியா மாவட்டத்தில் 2019-ல் கோத்தபய தோற்றார். அங்கே முன்னிலை பெற்றவர் சஜித் பிரேமதாச. இத்தனைக்கும் தோட்டத் தொழிலாளர்களின் பழம்பெரும் அமைப்பான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கோத்தபயவை ஆதரித்தது. 2015-லும் இதேதான் நடந்தது. அமைப்பின் தலைமை மகிந்த ராஜபக்சவின் பக்கம் நின்றது; நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு ஓட்டளித்தது. 'எங்கள் மக்களின் ஓட்டு எங்கள் பையில்' என்று தலைவர்கள் பேரம் பேசலாம். வாக்குச்சாவடிக்குள் கொழுந்து பறிக்கும் பெண் தன் கணக்கைத் தானே போடுகிறாள்.

ஆனால், நெருக்கடி வந்தபோது அது ஓட்டுப் போட்டவரையும் போடாதவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எளியவர்களைத்தான் முதலில் பிடித்திருக்கும். தோட்டத் தொழிலாளரின் நாள்கூலியை ஆயிரம் ரூபாயாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021-ல்தான் அது கிடைத்தது. அடுத்த ஆண்டே டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த இலங்கை நாணயம் சில வாரங்களில் 360-க்குச் சரிந்தது. ஐந்து டாலர் பெறுமான கூலி மூன்று டாலர்கூடப் பெறவில்லை. உரமில்லாத செடியில் கொழுந்தும் குறைந்தது. சொன்ன எடைக்குக் கொழுந்து வராவிட்டால் தோட்டத்தில் 'அரைப் பேர்' போடுவார்கள். முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலி என்று அதற்கு அர்த்தம்.

கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாகனத்தை நிறுத்தி வைத்து நெருக்கடியைக் கடந்தது. லயத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தி வைத்துக் கடந்தார்கள். தவறான தேர்வின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்பவருக்கு அது எப்போதும் கூடுதல்.

ஒரே ஆண்டு, இரண்டு கதைகள்

மலையகத்தில் ஓட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று மாணவர்கள் கேட்கலாம். அதற்கு 1949-க்குப் போகவேண்டும்.

1820-களில் தொடங்கி தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சமும் பண்ணையாரின் அடியும் துரத்த, கங்காணியின் பின்னால் நடந்தவர்கள். காட்டை வெட்டி அந்த நாட்டின் பொருளாதாரத்தையே கட்டியவர்கள்.

1947 தேர்தலில் அவர்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் துணை நின்றார்கள். அதுவே வினையாயிற்று. சுதந்திரம் வந்த 1948-லேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் திருத்திய தேர்தல் சட்டம் ஓட்டையும் பறித்தது. தமிழ்த் தலைவர்களில் ஒரு பகுதியினர் அந்த அரசோடு போய் நின்றார்கள். அதை எதிர்த்துப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அதே 1949-ல் டெல்லியில் என்ன நடந்தது? அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்புச் சட்டத்தை நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றது. சேரியில் பிறந்தவருக்கும் ஓட்டு, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்றானது. 1952-ல் இங்கே சேரியில் இருந்த அண்ணன் முதல் பொதுத்தேர்தலில் ஓட்டளித்தான். அதே 1952-ல் இலங்கையில் தேர்தல் நடந்தபோது தோட்டத்தில் இருந்த தம்பி ஓட்டில்லாமல் வேடிக்கை பார்த்தான். ஒரே சேரியில் பிறந்தவர்களின் பிள்ளைகள்தான் இருவரும்.

1964 அக்டோபரில் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசலாம் என்றார்கள். அந்த மீதியை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாருக்கு எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களைக் கூப்பிட்டு வைத்து இரண்டு அரசும் பேசவில்லை. இலங்கையில் நாடற்றவராக எஞ்சியோரின் பிரச்சினை 2003-ல் வந்த சட்டத்தோடுதான் தீர்ந்தது.

கூடலூர் அம்மா சொன்னார்: "எங்கப்பன் சாகுறவரைக்கும் சிலோன்ல ஒரு ஓட்டுப் போட்டதில்ல. இங்க வந்து மொத ஓட்டுப் போட்ட அன்னிக்கு வெரல்ல இருந்த மையக் கழுவாமலே சாப்ட்டாரு."

தவறான ஆளுக்கு ஓட்டுப் போட்டுவிட்டோம் என்று வருந்துவதற்கும் முதலில் ஓட்டு வேண்டும். மூன்று தலைமுறை அந்த வருத்தத்துக்குக்கூட வழியில்லாமல் இருந்தது.

நம்பியதும் நம்பாததும்

ஓட்டுள்ள தமிழர்களும் பலமுறை கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

1994-ல் சந்திரிகா குமாரதுங்க சமாதானம் பேசி வந்தார். நிறைவேற்று அதிகாரம் கொண்ட அதிபர் பதவியையே ஒழிப்பேன் என்றார். 62 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். 1995 ஏப்ரலில் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தது. பதவியும் ஒழியவில்லை.

2005-ல் வருத்தம் வேறு வகை. விடுதலைப் புலிகளின் பகுதியிலிருந்து வந்த புறக்கணிப்பு அழைப்பாலும் அதையொட்டிய அச்சத்தாலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர்களில் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு பேர்தான் ஓட்டளித்தார்கள். நாடு முழுவதும் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், போடாத ஓட்டும் ஒருவரை வெல்ல வைக்கும் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

2010-ல் நிலைமை இன்னும் கொடியது. போர் முடிந்து எட்டு மாதம். போட்டியிட்ட இருவரில் ஒருவர் போரை நடத்திய அதிபர். மற்றவர் சரத் பொன்சேகா, போரை நடத்திய தளபதி. வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டளிக்கச் சென்ற தமிழரில் பெரும்பாலோர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். அன்பினால் அல்ல, ஆட்சியில் இருப்பவர் போகட்டும் என்று.

2015-ல் சிறிசேனவை வெல்ல வைத்ததில் தமிழர், முஸ்லிம்களின் வாக்குக்குப் பெரும்பங்கு உண்டு. எந்த மகிந்தவை வீழ்த்த அவருக்கு ஓட்டுப் போட்டார்களோ, அதே மகிந்தவை 2018 அக்டோபர் 26 அன்று அவர் பிரதமராக்கினார். நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அந்தக் கலைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. மலையகத்தில் ஏழு பேர்ச் நிலத்தில் சில ஆயிரம் தனி வீடுகள் எழுந்தன. ஆனால், ஆயிரம் ரூபாய் கோரிக்கைக்கு 2019 ஜனவரியில் கிடைத்தது 700 ரூபாய் அடிப்படைக் கூலி.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, 'தமிழன் ஏமாளி' என்று பேசுவோர் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இரண்டு கெட்ட வழியில் குறைந்த கெட்டதைத் தேர்ந்தவர் ஏமாளி அல்ல. முன்னால் இருந்த வழிகளே அவ்வளவுதான். சேரிக்கு இது புதிதா? நம்மூர் உள்ளாட்சித் தேர்தலில் எத்தனை முறை அப்படி ஓட்டுப் போட்டிருக்கிறோம்!

ஆளா, நாற்காலியா?

அதிபர் என்றால் இலங்கையில் நம் குடியரசுத் தலைவரைப் போன்றவர் அல்ல. நம்முடைய குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்கிறார்கள். ஆட்சி பிரதமர் கையில். இலங்கையில் 1978 அரசியலமைப்பு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆளிடம் ஆட்சியைக் கொடுத்தது. அதை உருவாக்கியவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. முதலில் அதில் அமர்ந்தவரும் அவரே.

அந்த நாற்காலியை ஒழிப்பேன், சுருக்குவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் பலர். உட்கார்ந்தபின் அது வசதியாக இருந்தது. இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதிபராகக் கூடாது என்ற வரம்பை 2010-ல் 18-வது திருத்தம் நீக்கியது. 2015-ல் 19-வது திருத்தம் அதிகாரத்தைக் குறைத்தது. 2020-ல் 20-வது திருத்தம் மீண்டும் கூட்டியது. மக்கள் தெருவுக்கு வந்தபின் 2022-ல் 21-வது திருத்தம் மறுபடி குறைத்தது. ஒரு கயிறிழுப்புப் போட்டி போல.

எனவே, 'தவறான ஆளைத் தேர்ந்தோம்' என்பது பாதி உண்மை. ஒரே இரவில் ஒரு நாட்டின் உரத்தை நிறுத்தும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் வைத்திருந்தது மறுபாதி. அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான். பக்தி மதத்தில் ஒருவேளை மீட்சி தரலாம். அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்றார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நம் உரிமைகளை அவர் காலடியில் வைக்கக் கூடாது என்றார். ஓட்டில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் நீடித்தால் ஜனநாயகமே வெடிக்கும் என்றும் சொன்னார். காலிமுகத்திடலில் அது வெடித்ததைப் பார்த்தோம்.

வருத்தத்தை என்ன செய்வது?

2019-ல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3 விழுக்காடு வாக்குகள். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 42 விழுக்காடு. ஐந்தாண்டில் இப்படி ஓர் ஏற்றம். பழையவர்களின் மேல் மக்களுக்கு வந்த கசப்பு அதில் பேசியது.

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணினார்கள். அங்கே வாக்காளர் தன் முதல் விருப்பத்துக்கு 1 என்றும், அடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் எழுதலாம். சின்ன வேட்பாளருக்குப் போட்டால் ஓட்டு வீண் என்ற பயத்துக்கு இது ஒரு மருந்து. நம் ஆளுக்கு 1 போட்டுவிட்டு, வரக்கூடியவர்களில் பரவாயில்லாதவருக்கு 2 போடலாம். சட்டத்தில் இது தொடக்கம் முதலே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோர் பயன்படுத்தாமலே விட்டார்கள். உரிமை இருந்தும் அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் போவது நமக்கும் தெரிந்த கதைதான்.

புதியவர் மீதும் நாளை வருத்தம் வரலாம். வராமலும் போகலாம். அதை அவர் ஆள் எப்படி என்பதைவிட, ஓட்டுப் போட்டவர்கள் மறுநாள் என்ன செய்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும். வருத்தம் இரண்டு வழியில் போகும். 'எல்லாரும் திருடன்தான், எவன் வந்தா என்ன?' என்று வீட்டில் முடங்குவது ஒன்று. அது ஆள்பவருக்கு மிகவும் பிடித்த வருத்தம். என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை கேட்பது மற்றொன்று.

மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் இதுதான். வாக்குறுதி தரும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்யும் அதிகாரம் உங்களுக்கு உண்டா? பணம் எங்கிருந்து வரும்? நீங்கள் தவறினால் உங்களைத் தடுப்பது யார்? உரத் தடை, வரிக் குறைப்பு இரண்டிலும் இந்தக் கேள்விகளை 2019-ல் உரக்கக் கேட்டிருந்தால், 2022-ல் அவ்வளவு பேர் அழவேண்டியிருந்திருக்காது.

மலையகத்தின் கேள்வி இன்னும் எளியது. 2023-ல் தங்கள் முன்னோர் வந்த 200-வது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அவர்கள் நடந்த அதே பாதையில் மக்கள் நடந்தார்கள். குடியிருக்கச் சொந்த நிலம், வாழப் போதுமான கூலி, மற்றவர்களுக்குச் சமமான குடிமக்கள் என்ற மரியாதை. எந்த அதிபர் வந்தாலும் கேட்பது இதைத்தான். 200 ஆண்டுக்குப் பிறகும் லயத்து அறையின் அடிமண் அதில் வாழ்பவருக்குச் சொந்தமில்லை என்றால், அது எந்த ஒரு தேர்தலின் தவறும் அல்ல. எல்லாத் தேர்தலின் பாக்கி.

கிளம்பும்போது கூடலூர் அம்மாவிடம் கேட்டோம்: 2024-ல் அக்கா யாருக்குப் போட்டார்?

"அத நான் கேக்கல தம்பி. ஒரு தடவ கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "காலையில ஏழு மணிக்கே போய் வரிசையில நின்னுச்சாம். முட்டி வலியோட. எங்கப்பனுக்குக் கெடைக்காதது, நான் விடுவனான்னு சொல்லிச்சு."